சத்தம் குறைந்த துவக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்: நான் துவக்கு வாங்கியிருக்கிறேன்.

ஊரில் இதை வாசிக்கிறவர்கள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்த வேண்டாம். களவாக வாங்கவில்லை. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அரசாங்கம் என் படம் போட்டுத் தந்த அட்டையைக் காட்டி, பட்டப்பகலில் கடையில் வாங்கியது. விசைக்குக் கீழே கையளவு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த கோது வெளியே பாயும், புதிய தோட்டா உள்ளே ஏறும். பழைய ஆங்கிலப் படங்களில் தொப்பி போட்டவர்கள் குதிரையில் இருந்துகொண்டு சளக் சளக் என்று செய்வார்களே, அதேதான். குதிரை ஒன்றுதான் குறை. மொன்றியல் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் குதிரை வைத்திருக்க வீட்டுக்காரன் சம்மதிக்க மாட்டான்.

நான் வீரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பக்கத்துப் பகுதியான வில்லரேயில் ஒரு பிறந்தநாள் விழாவில் பலூன் வெடித்தபோது மேசைக்குக் கீழே போனவன் நான். போகும்போது கையில் இருந்த வடையை விடவில்லை என்பதுதான் அன்று என் மானத்தைக் காப்பாற்றியது. வடை விழுந்தது, எடுக்கக் குனிந்தேன் என்று சொல்லித் தப்பினேன். சனங்கள் சிரித்தார்கள். நானும் மேசைக்குக் கீழே இருந்தபடியே சிரித்தேன்.

அப்படிப்பட்டவன் ஏன் துவக்கு வாங்கினான்? அதிலும் ஏன் இந்தத் துவக்கு? போன ஞாயிற்றுக்கிழமை மகன் ரெலிபோனில் இதைத்தான் கேட்டான். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். கேட்டது அவனாக இருக்க, சொல்வது ஏன் உங்களுக்கு என்பது கடைசியில் விளங்கும்.

2

எல்லாம் சனிக்கிழமையால் வந்த வினை.

மகளுக்கு ரொறன்ரோவில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, "ஒரு மூன்று மாசம் நிண்டிட்டு வாறன்" என்று சொல்லிப் பஸ் ஏறியவ என் மனைவி. அந்த மூன்று மாசம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகளுக்கு இப்போது பல் முளைத்து, அந்தப் பல்லால் அம்மம்மாவைக் கடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். நான் மொன்றியலில் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்று, தொழிற்சாலை நேரத்துக்கே விழித்து, யாருக்கும் வேண்டாத விடியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மகன் நிரோஜன் வில்லரேயில் மெலனி என்ற பிரெஞ்சுப் பிள்ளையோடு இருந்தான். சில வருடங்களாகவே ஒன்றாகத்தான் இருந்தார்கள். கலியாணம் என்று நான் வாயெடுத்தால், "அப்பா, இஞ்ச அப்பிடி இல்லை" என்பான். எனக்கும் மெலனிக்கும் இடையில் மொழி குறைவு, ஆனால் ரோல்ஸ் இருந்தது. நான் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து வைத்தால் சனிக்கிழமைகளில் இருவரும் வருவார்கள். என்னுடைய கிழமையில் ஏழு நாளும் சனிக்கிழமைக்காகத்தான் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மகன் எடுத்தான்.

"அப்பா, நாளைக்கு ஏலாது. மார்செலோட சுடப் போறன்."

மார்செல் என்பது மெலனியின் தகப்பன். மனைவியை இழந்தவர், நகரத்தின் ஓரத்தில் இல்-பிசார் தீவில் தனி வீடு. நத்தார்ப் பண்டிகைக்கு வருடம் ஒருமுறை அங்கே போய் வருவோம். நான் கொண்டுபோகும் வடையை முள்ளுக்கரண்டியால் குத்தித் தின்கிற மரியாதையான மனிதர்.

"என்னத்தைச் சுடப் போறியள்?"

"கடதாசியை. கிளப் ஒண்டு இருக்கு. ஒவ்வொரு சனியும் போகலாம் எண்டு மார்செல் சொல்லுறார்."

ஒவ்வொரு சனியும். என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிட்டது.

"நானும் வாறன்."

அவன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"நீங்களோ? அப்பா, நீங்கள் குக்கர் விசிலடிச்சாலே எழும்பி ஓடுறனீங்கள்."

"அது பருப்பு கருகிப்போகும் எண்டு ஓடுறது," என்றேன்.

3

இந்த நாட்டில் துவக்கு அட்டை எடுப்பதற்குப் பலதையும் கேட்கிறார்கள். வகுப்பில் எனக்கு நல்ல பெயர். துவக்கின் வாயை ஒருபோதும் ஆளை நோக்கித் திருப்பக் கூடாது என்று படிப்பித்தவர் திரும்பத் திரும்பச் சொன்னார். துவக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து விலகி நிற்பதை நான் சின்ன வயதிலேயே பழகியவன். என்னைவிடக் கவனமான மாணவன் தனக்குக் கிடைத்ததில்லை என்று அவர் வகுப்புக்கே சொன்னார். தலையைக் குனிந்து பணிவாக ஏற்றுக்கொண்டேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு, அதுவும் அறுபது தாண்டி.

மனைவியின் சம்மதமும் கேட்டார்கள். ரெலிபோன் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? துவக்குக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள் திருப்பிக் காசு குடுத்து அதை வாங்கிறதோ?"

"கடதாசியைச் சுடத்தானப்பா."

"கடதாசியைக் கத்தரிக்கோலாலை வெட்டுங்கோவன்." பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டது, மற்றது அதற்குப் பதில் சொன்னது. பிறகு குரல் இறங்கியது. "தம்பியும் வாறானோ?"

"ஓம். ஒவ்வொரு சனியும்."

"அப்ப வாங்குங்கோ. செவ்வாய்க்கிழமை மட்டும் வாங்காதேங்கோ."

அடுத்தது, என்னைச் சில வருடமாவது தெரிந்த இரண்டு பேரின் பெயர். வீட்டில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற ஆட்களாக இருக்கக் கூடாது. இந்தக் கேள்வி என்னை ஒரு மாலை முழுவதும் குசினியில் இருத்தி வைத்தது. இத்தனை வருடம் இந்த நகரத்தில். தொழிற்சாலையில் பக்கத்தில் நின்றவர்களுக்கு என் முகத்தைவிட முகமூடிதான் பழக்கம். மேல்வீட்டுப் பெண்ணுக்கு என் இருமல் தெரியும், பெயர் தெரியாது. தெருமுனை தெப்பனர் கடையில் பால் விற்கிறவன் என்னை ‘இரண்டு வீதம்’ என்று கூப்பிடுகிறான், நான் வாங்குகிற பாலின் கொழுப்பு அது. ஒருவனைத் தெரியும் என்று சொல்ல இரண்டு பேர் தேட வேண்டியிருக்கிறதே என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பென்றுதான் முதலில் நினைத்தேன்.

கடைசியில் கோயிலில் பழக்கமான பாலா அண்ணையைக் கேட்டேன்.

"டேய், துவக்கோ? ஆரைச் சுடப் போறாய்?"

"கடதாசியை, அண்ணை."

"கடதாசி உனக்கு என்ன செய்தது?"

அரை மணித்தியாலம் விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தார். இரண்டாவது பெயர் மார்செல். கேட்ட உடனே, ஒரு கேள்வியும் இல்லாமல், "நிச்சயமாக" என்றார். அவருக்கு என்னைப்பற்றித் தெரிந்தது வடை மட்டும்தான். அது போதும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

4

குளிர்காலம் முடிந்து அட்டை வந்தது. மகன், மார்செல், நான் மூவரும் கடைக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை இல்லை.

உள்ளே சுவர் முழுவதும் துவக்குகள் நின்றன. நான் கதவடியில் கால்துடைக்கும் பாயில் தேவைக்கும் அதிகமான நேரம் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விற்பனையாளராக நின்ற பெண் வெள்ளிக் கம்மல் போட்டிருந்தா, மருந்துக்கடையில் இருமல் பாணி எடுத்துத் தருகிறவ போன்ற அன்பு. மார்செல் முன்னால் போய் ஒரு பெரிய நீளத் துவக்கைக் காட்டி, "இதை எடு. மானுக்கும் சரி, மூஸுக்கும் சரி," என்றார். தான் வைத்திருப்பதும் அந்தச் சாதிதானாம். மூஸ் என்பது மாட்டைவிடப் பெரிய காட்டு மான்.

"மூஸ் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை," என்றேன், எனக்குத் தெரிந்த கடைக்குப் போகிற பிரெஞ்சில். பிறகு மகன் பக்கம் திரும்பினேன். "தம்பி, இதுகளுக்குள்ள ஆகச் சத்தம் குறைஞ்சது எது எண்டு கேள்."

"சத்தமோ? அப்பா, எல்லாரும் தூரம் கேப்பினம், பலம் கேப்பினம்."

"நீ கேளன்."

கேட்டான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, வளையம் வைத்த இந்தச் சாதியில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து விளக்கினா, மகன் தமிழாக்கினான். இது பெரிய தோட்டா போடுவதில்லை. கைத்துப்பாக்கிக்கென்று செய்த கட்டைத் தோட்டாதான் இதற்கு. இந்த நாட்டில் இப்போது எங்களைப் போன்றவர்கள் கைத்துப்பாக்கி வாங்க முடியாது, விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதன் தோட்டா இன்னும் கடையில் இருக்கிறது. பிள்ளைகள் போன வீட்டில் அவர்களுடைய சின்னக் கோப்பைகள் அலுமாரியில் இருக்கிற மாதிரி என்று நான் நினைத்தேன். நான் இப்படித்தான் எதையாவது நினைப்பேன்.

அதிலும் பல அளவு. .44 என்பது தோளில் உதைக்கும், காதிலும் உதைக்கும். .357 கொஞ்சம் மெதுவு. அந்த .357 துவக்குக்குள்ளேயே .38 என்ற இன்னும் சாதுவான தோட்டாவையும் போடலாம். நீளக் குழாய் வழியாகப் போவதால் அந்தச் சாதுத் தோட்டாவின் சத்தம் இன்னும் அடங்கிவிடும். காதுக்கு மூடி போட்டால், பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தினது போல இருக்கும் என்றா.

கதவைச் சாத்துவது. அதை என்னால் தாங்க முடியும்.

தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னா. வால்நட் மரப்பிடி கன்னத்தில் குளிர்ந்தது. வளையத்தைத் தள்ளி இழுத்தேன். சளக். நல்ல எண்ணெய் விட்ட தையல் மெசின் போல இருந்தது. மார்செல் கையைத் தட்டினார். "ஜோன்!" என்றார். எந்த ஜோன் என்று நான் கேட்கவில்லை, ஏதோ ஒரு படத்து ஜோனாக இருக்கும்.

"ஏனப்பா சத்தத்தைப் பாக்கிறீங்கள்?" என்று மகன் கேட்டான்.

"மேல்வீட்டுக்காரி பொலிசுக்கு அடிப்பா."

"கிளப்பிலைதானே சுடப் போறீங்கள்!"

"அவவுக்குக் காது நல்ல கூர்மை."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். மார்செலுக்கு மொழிபெயர்த்தான், அவரும் சிரித்தார். நான் பேரமும் பேசிப் பார்த்தேன். அந்தக் கடையின் வரலாற்றிலேயே முதல் தடவையாக இருக்க வேண்டும். ஒரு சதமும் குறைக்கவில்லை, துடைக்கிற துணி ஒன்று இலவசமாகத் தந்தா. அதைக் கேட்டு மனைவி ரொறன்ரோவில் இருந்தே திருப்திப்பட்டா.

5

அந்தக் கோடை நல்ல கோடை. துவக்கோடு பஸ்ஸிலோ மெத்ரோவிலோ ஏறக் கூடாது என்பது சட்டம். எனக்குக் காரும் இல்லை. ஆகவே சனிக்கிழமை காலையில் மார்செல் தன் பிக்கப்பில் வந்து எதிர்ப்பக்கம் நிறுத்துவார். நான் துவக்குப் பையோடும் ரோல்ஸ் பெட்டியோடும் வெளிப்படியால் இறங்குவேன். வழியில் மகனை ஏற்றுவோம். முன்னால் அவர்கள் இருவரும் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டே போவார்கள், பின்னால் நான் ரோல்ஸோடு. பாதி விளங்காது. விளங்காவிட்டால் என்ன, மகனின் பிடரி எனக்கு முன்னால் இருந்தது.

முதல் வெடிக்கே நிலத்தில் குந்திவிட்டேன். சப்பாத்து நாடா கட்டினேன். அந்தக் கோடையில் நான் கட்டிய நாடாக்களை ஒன்றாக முடிந்தால் ஆற்றுக்கு அப்பால் லாவல் வரை போகும். ஆனால் என்னுடைய துவக்கின் சத்தத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினேன்.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குக் கத்தி, கத்தரிக்கோல், அகப்பை எல்லாம் படத்துக்கு முன்னால் வைக்கும்போது மனைவி வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தா.

"அதையும் வையுங்கோ."

"எதை?"

"அந்தச் சனியனைத்தான். ஆயுதம் எண்டு வீட்டிலை வந்திட்டுது, பொட்டு வைச்சாத்தான் பேச்சுக் கேக்கும்."

விசைக்குப் பூட்டுப் போட்டு, வெறுமையாக இருக்கிறதா என்று வழக்கம்போல் பல தரம் பார்த்து, வெள்ளைத் துணியில் கிடத்தினேன். மரப்பிடியில் சந்தனம், நடுவில் குங்குமம். துடைக்க மறந்துபோனேன். சனிக்கிழமை கிளப்பில் பையைத் திறந்ததும் நெற்றிப்பொட்டோடு துவக்கு சிரித்தது. மார்செல் குனிந்து பார்த்தார், மணந்தும் பார்த்தார். மகனுக்குக் காது சிவந்துவிட்டது. "அப்பா, ப்ளீஸ்," என்றான்.

"இது என்ன?" என்றார் மார்செல்.

"ஆசீர்வாதம்," என்றேன். எனக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் தேவாலய வாசலில் கேட்டுத் தெரியும்.

மார்செல் தன்னுடைய பெரிய துவக்கை என்னிடம் நீட்டினார். "என்னுடையதற்கும் ஒன்று வை. போன வருடம் ஒரு மானும் கிடைக்கவில்லை." பையின் மடிப்பில் ஒட்டியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் சுரண்டி, சோடாத் தண்ணீரில் குழைத்து வைத்துவிட்டேன்.

6

இலை எல்லாம் கொட்டிய பிறகு ஒரு நாள் மகன் தனியாக வந்தான். மெலனியும் அவனும் பிரிந்துவிட்டார்களாம். சண்டை இல்லை, இருவரும் கதைத்து முடிவெடுத்ததாம். நாட்டின் மறுபக்கத்தில், கல்கரியில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு கிழமையில் போகிறான்.

"அங்க குளிர்," என்றேன். மொன்றியல் குளிரில் இருந்துகொண்டு சொல்கிற கதையா இது? ஆனால் வேறொன்றும் வாயில் வரவில்லை.

"சாப்பிட ஏதும் இருக்கோ?" என்றான். வெறும் சோறும் பருப்பும் இருந்தன. அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இனி என் அறிவுக்கூர்மையைப் பாருங்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு சம்பந்தம் முறிந்தால் என்ன நடக்கும்? இரண்டு வீடும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். கோயிலில் கண்டால் ஒருவர் உள்வீதி, மற்றவர் வெளிவீதி. செத்தவீட்டில் கூடப் பக்கம் பார்த்து நிற்பார்கள். பெண்ணின் தகப்பன் வீட்டுக்கு வந்தால் ஒன்றில் பொருளைத் திருப்பிக் கேட்க, இல்லாவிட்டால் கழுத்தைப் பிடிக்க. நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் இந்தச் சட்டத்தைக் கஸ்டம்ஸில் காட்டாமலே கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆகவே மார்செலின் அழைப்பு வந்தபோது எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை பார்க்கிறேன், எதிர்ப்பக்கம் பிக்கப் நிற்கிறது! திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பத்து நிமிடம் நின்றது, போய்விட்டது. அடுத்த சனியும் வந்தது. அதற்கு அடுத்த சனியும். பெண்ணைப் பெற்றவருக்குக் கோபம் இவ்வளவு இருக்கும்தான் என்று நினைத்தேன். நான் வைத்த பொட்டோடு அந்தப் பெரிய துவக்கும் வண்டிக்குள் இருக்கும் என்பதையும் நினைத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். "வெளியிலை போகாதேங்கோ," என்றா. அவவும் அதே சட்டம் படித்தவதானே.

அடுத்து வந்த சனிக்கிழமை முழங்கால் அளவு பனி. பிக்கப் வந்து நின்றது. இந்தமுறை கதவு திறந்தது. மார்செல் இறங்கினார், பின்னால் இருந்து எதையோ உருவினார். துவக்குத்தான் என்று நினைத்தேன். பார்த்தால் பனி வழிக்கிற சவள். இரும்பு வெளிப்படியின் அடியில் இருந்து ஒவ்வொரு படியாகப் பனியை வழித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஏறி வருகிறார். என் படியை ஒரு வயதான மனிதர் வழிக்க நான் திரைக்குப் பின்னால் நிற்பதா? கதவைத் திறந்தேன்.

"போன்ஜூர்," என்றார், தாடியில் பனியோடு. "படி வழுக்குகிறது, அதுதான் நீ இறங்கி வரவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்காரனுக்குச் சொல்லு, இது ஆபத்து."

"மார்செல், மெலனி... நிரோ..." என்று இழுத்தேன்.

"ஓம், கவலைதான். மெலனியும் கியூபெக் நகரத்துக்குப் போய்விட்டாள்." கையுறையால் மூக்கைத் துடைத்தார். "இன்றைக்கு சனிக்கிழமை இல்லையா?"

"கோபம் இல்லையா?"

"இருக்கிறது. மூன்று சனி ரோல்ஸ் இல்லாமல் தனியாகப் போனேன்."

7

பனிக்காலத்தில் கிளப்பில் ஆள் குறைவு. கொட்டகையில் நாங்கள் இருவரும்தான். முன்னிருக்கையில் முதல்முறையாக நான் இருந்து போயிருந்தேன், அந்த இருக்கை எனக்குப் பொருந்தவில்லை. வழியில் அவர் கேட்டது ஒன்றுதான்: அங்கே பையன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? தெரியாது என்றேன். தன் மகளைப் பற்றியும் தனக்குத் தெரியாது என்றார். இல்-பிசாருக்கு பஸ் வருவது குறைவு, மனிதர் வருவது அதைவிடக் குறைவு என்றார்.

மார்செல் தன் பெரிய துவக்கால் ஒன்று சுட்டார். ஆளில்லாத கொட்டகையில் அது இடிபோல் விழுந்தது. நான் சப்பாத்து நாடாவுக்குக் குனிந்தேன். அன்று நான் போட்டிருந்தது நாடா இல்லாத பனிச் சப்பாத்து.

அவர் பார்த்துவிட்டார். துவக்கை வெறுமையாக்கி மேசையில் வைத்தார்.

"சத்தமா?" என்றார். "அதற்காகவா இதை எடுத்தாய்?"

பகிடி ஒன்று தொண்டை வரை வந்தது. மேல்வீட்டுக்காரியை மறுபடி சாட்டுக்குக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். மொழிபெயர்க்க ஆள் இல்லை. ஆகவே என்னிடமிருந்த பிரெஞ்சால் சொன்னேன். ஊரில் சண்டை நடந்த ஒரு இரவைச் சொல்ல நான்கு சொற்கள் போதுமாக இருந்தன: சத்தம், இரவு, நிலம், அம்மா. பிறகு கையால் காட்டினேன், நான் கீழே எப்படிக் கிடந்தேன், அம்மா மேலே எப்படிக் கிடந்தா என்று. எழும்பியது நான் மட்டும் என்பதற்கு ஒரு விரல்.

மார்செல் தன் பெரிய துவக்கைப் பையில் வைத்து மூடினார். சந்தனம் அழிந்து குங்குமத்தின் கறை மட்டும் அதில் இருந்தது. பிறகு என் துவக்கைக் காட்டி, "எனக்கும் தா," என்றார். ஆளுக்கு ஐந்து தோட்டாவாக மாறி மாறிச் சுட்டோம். கதவு சாத்துகிற சத்தம். அவர் சுட்டதில் ஒன்றும் கடதாசியில் படவில்லை. கண்ணாடியை வண்டியில் விட்டுவிட்டு வந்தேன் என்றார். அது அவர் மூக்கில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் எடுத்தபோது, மார்செல் வந்தார் என்றேன்.

"என்னைப் பற்றிக் கேட்டவரோ?"

"சாப்பிடுறியோ எண்டு கேட்டவர்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கல்கரிக் குளிராக இருக்கும். பிறகுதான் கேட்டான், இங்கேயே பிறந்து, இதையெல்லாம் எங்களிடம் ஒருநாளும் கேட்டறியாத என் பிள்ளை:

"அப்பா, அவ்வளவு துவக்கு இருக்கேக்கை ஏன் அதை எடுத்தனீங்கள்? மேல்வீட்டுக்காரிக்காக இல்லை, என்ன?"

"நேரிலை வா, சொல்லுறன்."

"இப்ப சொல்லுங்கோவன்."

"ரெலிபோனிலை சொல்லுற கதை இல்லை. நீ வா."

லீவு கிடைக்குமோ பார்க்கிறேன் என்று வைத்தான். அவனுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத்து வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு விட்டோம், ‘ஔ’ வரை வந்துவிட்டு நின்றுவிட்டான். இதை அவன் வாசிக்க மாட்டான் என்ற துணிவில்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறேன். உங்களில் யாராவது அவனைக் கண்டால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவனை இங்கே வரவைக்க என்னிடம் இருப்பது அந்தப் பதில் ஒன்றுதான்.